பால் பொங்கிய பானை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது

அன்புள்ள உறவினர்களுக்கும், வில்லிவாக்கத்து அக்கம்பக்கத்தாருக்கும், இங்கே புதிதாகக் கிடைத்தவர்களுக்கும்,

ஸ்ரீரங்கத்திலிருந்து எழுதுகிறேன். குடிவந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. பரணில் ஏற வேண்டிய நான்கு பெட்டிகள் இன்னும் கூடத்தில்தான் கிடக்கின்றன. அவற்றை ஒழித்த பிறகு எழுதலாம் என்றிருந்தால் தீபாவளி வந்துவிடும். அதனால் ஒரு பெட்டியின் மேல் தாளை வைத்தே எழுதுகிறேன்.

புதுப் பள்ளியில் பெரியவளை 'கோடை விடுமுறை' பற்றி ஒரு பக்கம் எழுதிவரச் சொன்னார்கள். மலை ரயிலில் போனாளாம், பெரிய கோவிலில் கால் சுட்டதாம், மாமா மூன்று முறை ஐஸ்கிரீம் வாங்கித் தந்தாராம். வீடு மாறியதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை! எங்கள் இருவரின் முதுகையும் ஒடித்த அந்தப் பெரும்பாடு அவளுக்கு நடக்கவே இல்லை. அந்தத் தாளைப் படித்தபோதுதான், நீங்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொள்ளாமலே என்ன செய்திருக்கிறீர்கள் என்பது எனக்கு உறைத்தது.

ஏப்ரலில் இவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஆனியிலும் ஆடியிலும் புதுக்குடித்தனம் கூடாது என்று மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆக, வைகாசிக்குள் போயாக வேண்டும். மே 4 அன்று அக்கினி நட்சத்திரம் தொடங்கியது. நாங்களும் அன்றுதான் மூட்டை கட்டத் தொடங்கினோம். இரண்டாம் நாளே சின்னவன் கட்டிவைத்த பெட்டிகளையெல்லாம் பிரித்து, உள்ளே இருந்து தன் பொம்மைகளை மீட்டெடுத்துக்கொண்டிருந்தான்.

அன்று மாலை கோயம்புத்தூரிலிருந்து என் தம்பி பேசினான். "அக்கா, ரெண்டு பேரையும் இங்கே அனுப்பிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். எப்போதோ தனக்கும் மனைவிக்கும் எடுத்துவைத்திருந்த ஊட்டி மலை ரயில் டிக்கெட்டுக்கு இவர்களுக்கும் எப்படியோ இடம் பிடித்தான். காலை 7.10 ரயிலுக்காக நாலு மணிக்கே எழுப்பினானாம். என் பிள்ளைகளை நாலு மணிக்கு எழுப்புவது எப்படிப்பட்ட வேலை என்று எனக்குத் தெரியும். அதற்குத் தனியாக ஒரு நன்றி. கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை வந்துவிடுகிறது, நீராவி இன்ஜின் முன்னால் இழுக்காமல் பின்னாலிருந்து தள்ளுகிறது என்பதையெல்லாம் திரும்பி வந்து எனக்கே பாடம் நடத்தினார்கள். வழியில் 16 சுரங்கங்கள். பெரியவள் கணக்கில் சரியாகப் பதினாறு. சின்னவன் கணக்கில் பதினொன்று, ஏனென்றால் மீதியில் தூங்கிவிட்டான். சுரங்கத்துக்குள் கத்திக் கத்தி இருவருக்கும் தொண்டை கட்டியிருந்தது.

அடுத்த வாரம் தஞ்சாவூர்ச் சித்தப்பாவின் முறை. உச்சி வெயிலில் பெரிய கோவில் கல்தளத்தில் செருப்பில்லாமல் நடக்க முடியாது என்பது அவருக்குத் தெரியாததல்ல, ஆனாலும் போனார். 216 அடி விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று ஊரார் சொல்லும் கதையைச் சித்தப்பா சொல்ல, அவர் தோளில் உட்கார்ந்திருந்த சின்னவன், "இதோ விழுந்திருக்கிறதே தாத்தா" என்று காட்டிவிட்டானாம். ராஜராஜன் 1010 இல் குடமுழுக்குச் செய்த கோவிலைப் பற்றி என் மகனுக்கு நினைவிருப்பது அந்த நிழல் ஒன்றுதான். சித்தப்பா, அறுபத்தேழு வயதில் அவனைத் தோளில் சுமந்ததை நான் மறக்கமாட்டேன். உங்கள் தோள்பட்டை இப்போது பரவாயில்லை என்று சித்தி சொன்னார்.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் வேலை ஓடியது. மூலைக்கடை அண்ணாச்சி நாற்பது அட்டைப்பெட்டிகளைச் சேர்த்துவைத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவற்றில் பாதி சோப்புப் பெட்டிகள் என்பதை அவசரத்தில் நான் கவனிக்கவில்லை. புளியும் பருப்பும் அவற்றுக்குள் போய்விட்டன. புதுவீட்டில் முதல் வாரம் முழுக்க எங்கள் ரசம் எலுமிச்சை சோப்பு வாசனையோடுதான் இருந்தது. அண்ணாச்சி, குறையாகச் சொல்லவில்லை. இரண்டாம் மாடி அக்கா, பாட்டியின் ஈயச்சொம்பை லாரிக்காரர்களிடம் தரவே கூடாது என்று தன் பழைய நூல்புடவையில் சுற்றி என் கைப்பையில் திணித்தார். அது ஒரு நசுங்கல் இல்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது. புடவையையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மின்விசிறிகளைக் கழற்றிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தம்பிக்கும், மாற்றுச் சான்றிதழுக்கு எங்களோடு அலைந்த கீழ்வீட்டு ஆசிரியருக்கும் நன்றி.

பேசிய தொகைக்கு மேல் பாதி வழியில் பணம் கேட்டவர்களைப் பற்றியும், சுவருக்கு வெள்ளையடிக்கும் செலவு என்று முன்பணத்தில் கைவைத்தவரைப் பற்றியும் எழுதத் தொடங்கினால் தாள் போதாது. இது நன்றி மடல் என்பதால் அவர்கள் தப்பினார்கள்.

இனி அந்த விடியற்காலை. லாரியை மதியம் அனுப்பிவிட்டுப் பல்லவன் ரயிலில் வந்தோம். இரவே வருவதாகச் சொன்ன லாரி வரவில்லை. கையில் உப்பு, மஞ்சள், காமாட்சி விளக்கு, ஈயச்சொம்பு, ஒரு ஜமக்காளம். ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச வேண்டும். அடுப்பு லாரியில். சிலிண்டரைச் சென்னையிலேயே ஒப்படைத்தாகிவிட்டது. ஈயச்சொம்பைத் தீயில் வைத்து ஆபத்தை விலைக்கு வாங்கவும் முடியாது. கொஞ்சம் ஏமாந்தால் உருகிவிடும். இவர் பால் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு குமுட்டி அடுப்பையும், கரிப் பையையும், வெண்கலப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பானைக் கழுத்தில் மஞ்சள் தடவி அதையும் அவரே வைத்தார். கரி பிடிக்கிறவரை முழங்காலிட்டு விசிறினார், முகமெல்லாம் சாம்பல். பால் நுரைத்து ஏறிக் கிழக்குப் பக்கமாக வழிந்து கரியில் சொய்யென்று விழுந்தது. "நல்ல திக்கு, நன்றாக இருப்பீர்கள்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட கோலத்தை முடிக்கப் போய்விட்டார். பெயரைக்கூட மறுநாள்தான் கேட்டுக்கொண்டேன். லாரி பதினொரு மணிக்கு வந்தது.

ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது இங்கே வந்து சேர்ந்த வாரம், இவருடைய அலுவலக நண்பர் தன் குடும்பத்தோடு எங்களையும் முக்கொம்புக்கு அழைத்துப் போனார். பழகிப் பத்து நாள்கூட ஆகாதவர். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடத்தைக் காட்டி, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வீடு இருக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்து, பெரியவள் எல்லோரிடமும் தான் தீவில் வசிப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமியின் பானையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகக் கொடுக்கக்கூடாதே, அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று யோசித்து யோசித்தே நாள் போய்விட்டது. இப்போது முடிவு செய்துவிட்டேன். ஆடிப்பெருக்கு அன்று அதில் தேங்காய்ச்சாதம். கூடவே புளியோதரை, எலுமிச்சைச்சாதம், வடாம். அம்மா மண்டபம் படித்துறையில் கூட்டம் தாங்காது. அதனால் காலையிலேயே வந்துவிடுங்கள். கூடத்துப் பெட்டிகளை அதற்குள் எடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் அவற்றின் மேலேயே உட்காரலாம்.

அன்புடன்,
பதினாறு சுரங்கம் எண்ணியவளுக்கும் பதினொன்று எண்ணியவனுக்கும் அம்மா