ஆரஞ்சு எருக்கு வளர்க்கப்போகும் வீடுகளுக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதம் கட்டணம் பற்றியதோ பொங்கல் விழா ஒத்திகை பற்றியதோ இல்லை. வரும் சனிக்கிழமை மூன்றாம் நிலைப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறிய காகிதப் பொட்டலம் வீட்டுக்கு வரும். உள்ளே இருப்பவை பட்டர்ஃப்ளை மில்க்வீட் விதைகள். தமிழ்ப் பள்ளியில் செடி எதற்கு, அதுவும் இந்த ஊர்க் காட்டுச் செடி எதற்கு, மல்லிகைப் பதியன் கொடுக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மல்லிகைத் தொட்டியை அக்டோபரில் வீட்டுக்குள் தூக்கிவந்து மே வரை ஜன்னலோரம் காவல் காக்கும் பாடு நமக்கெல்லாம் தெரியும். இந்தச் செடிக்கு அந்தப் பாடு வேண்டாம். சிகாகோ குளிரில் மண்ணுக்குள் கிடந்து பிழைக்கும். சொல்லப்போனால், குளிர் படாத விதை முளைக்கவே தயங்கும்.

செடி நமக்கு அந்நியமும் இல்லை. ஊரில் பொட்டல் காட்டில் நிற்கும் எருக்கும் இதுவும் ஒரே குடும்பம். பூவை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். ஐந்து இதழ்கள் கீழே மடங்கியிருக்க, நடுவில் கிரீடம் போல ஓர் அமைப்பு நிற்கும். மகரந்தம் தூளாக உதிராது. இரண்டிரண்டு சிறு பைகளாகக் கோத்திருக்கும். பூவில் கால் வைக்கும் பூச்சி அந்தப் பைகளை மாட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குப் போகும். சின்னத் தேனீக்கள் சில சமயம் காலை உருவ முடியாமல் தவிப்பதையும் பார்க்கலாம். எருக்கிலும் இதே ஏற்பாடுதான். ஊரில் எருக்கை மேயும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியும் இங்கே மில்க்வீட்டை மேயும் மோனார்க்கும்கூட நெருங்கிய உறவு. ஒரு வித்தியாசம் உண்டு: எருக்கைக் கிள்ளினால் பால் கொட்டும், இதில் நீர் போன்ற சாறுதான் வரும். பிள்ளைகள் இதற்கு ‘ஆரஞ்சு எருக்கு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நாம் வீடு வாங்கிக் குடியிருக்கும் இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ஆள் மறையும் புல்வெளி. பிரெய்ரி என்பது அதன் பெயர். 1820 வாக்கில் நம் இல்லினாய் மாநிலத்தில் சுமார் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்தது. 1837இல் கிராண்ட் டிட்டூர் என்ற சிற்றூரில் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை ஒன்றைச் செய்தார். பழைய கலப்பையில் அப்பிக்கொண்ட கரிய மண் இதில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. அப்புறம் மக்காச்சோளமும் சோயாவும்தான். இன்று பழைய பிரெய்ரியில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அதிலும் சில துண்டுகள் பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும் இருக்கின்றன, அங்கெல்லாம் கலப்பை போகவில்லை என்பதால். (பிரெய்ரி முல்லையா பாலையா என்று ஏழாம் நிலையில் பெரிய வாக்குவாதமே நடந்தது. தீர்ப்புச் சொல்ல நான் மறுத்துவிட்டேன்.) பார்க்க ஆசையிருந்தால் லைல் நகரில் உள்ள மார்ட்டன் ஆர்போரேட்டம் என்ற மரத் தோட்டத்துக்குள் இருக்கும் ஷூலன்பர்க் பிரெய்ரிக்கு ஜூலையில் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். 1962இல் நடத் தொடங்கிய இடம். இப்போது பார்த்தால் மனிதர் நட்டது என்றே தோன்றாது.

சரி, விதைக்கு வருவோம். இரண்டு வழி உண்டு. தோட்டம் இருப்பவர்கள் நிலம் உறைவதற்கு முன் இந்த மாதமே விதைத்துவிடலாம். புல்லை அகற்றி, வெறும் மண்ணில் விதையைத் தூவி, மேலே கால் அங்குலம் மண் மூடி, கையால் அழுத்தினால் போதும். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். மற்றவர்கள் பிப்ரவரி கடைசியில் ஒரு பிடி ஈர மணலில் விதையைக் கலந்து, ஜிப்லாக் பையில் போட்டு, ஃபிரிட்ஜில் குறைந்தது 30 நாள் வையுங்கள். ஃப்ரீசரில் அல்ல, இட்லி மாவு வைக்கும் தட்டில். மணல் ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பையின் மேல் பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டுங்கள். தாத்தா பாட்டி வந்திருந்தால் கட்டாயம் சொல்லிவையுங்கள். அழுக்கு மண் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடப் போகிறார்கள். பிறகு ஆழமான சிறு தொட்டியில் முளைக்கவிட்டு, அன்னையர் தினம் தாண்டிய பின் வெளியே நடலாம். நட்ட இடமே கடைசி இடம். அதன் ஆணிவேர் கிழங்கு போலத் தடித்து ஆழமாக இறங்கும். இரண்டாம் வருடம் ‘இங்கே வைத்தால் அழகாக இருக்குமே’ என்று தோண்டினால் செடி போய்விடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும், தண்ணீர் நிற்கவே கூடாது. நம் குடியிருப்புகளில் கட்டுமான வண்டிகள் ஏறி இறுகிப்போன களிமண்தான் பெரும்பாலும் இருக்கிறது. குளிர்கால ஈரத்தில் கிழங்கு அழுகிவிடும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய்ப் பக்கம் வேண்டாம். சரிவான இடம், டிரைவ்வே ஓரம், சரளை கலந்து மேடாக்கிய பாத்தி, இவை எல்லாம் சரி. வீட்டில் ஈரமான மூலை மட்டும்தான் இருக்கிறது என்றால் என்னிடம் சொல்லுங்கள், சதுப்பு மில்க்வீட் விதை தருகிறேன். உண்மையில் மோனார்க் முட்டையிட அதிகம் நாடுவது அதையும் காமன் மில்க்வீட்டையும்தான். ஆரஞ்சு எருக்கில் தேன் குடிக்க நிறையப் பூச்சிகள் வரும், முட்டை கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். பிள்ளைகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். நாம் சனிக்கிழமை வாடகைக்கு எடுக்கும் கட்டடத்தின் தென்பக்கச் சுவரோரம் ஒரு கீற்று இடத்துக்கு அனுமதி வாங்கியிருக்கிறோம்.

முதல் கோடையில் மழை இல்லாத வாரங்களில் மட்டும் தண்ணீர் விடுங்கள். அடுத்த கோடையிலிருந்து அதுவும் வேண்டியதில்லை. உரம் எப்போதும் வேண்டாம். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றிச் செடியைக் கொல்வது நம் வீடுகளில் வழக்கம், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். கொழுந்தில் மஞ்சள் அசுவினி அப்பியிருந்தால் பதற வேண்டாம். எருக்கிலும் அரளியிலும் பார்த்த அதே பூச்சிதான். முட்டையோ புழுவோ இருக்கிறதா என்று இலையின் அடிப்பக்கம் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும். வேப்பெண்ணெய் பாட்டிலை எடுக்காதீர்கள். அது அசுவினியோடு மோனார்க் புழுவையும் சேர்த்தே கெடுக்கும். புழு இலையைத் தின்னட்டும், அதற்குத்தான் செடி. முயல்தான் நிஜத் தொல்லை. இளஞ்செடியைச் சுற்றிக் கம்பிவலை போடுங்கள். புல்வெளிக்கு மருந்தடிக்க ஆள் வருகிறவர்கள் அந்த இடத்தைக் காட்டி, அங்கே அடிக்கக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். செடியின் சாறு கண்ணில் படக் கூடாது, எதையும் வாயில் வைக்கக் கூடாது. எருக்கோடு வளர்ந்த பாட்டிமார் இந்த எச்சரிக்கையை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

இன்னொன்று. மற்ற செடிகள் எல்லாம் துளிர்த்த பிறகும் இது மண்ணுக்கு மேல் தலை காட்டாது. மே நடுவில்கூட ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். செத்துவிட்டது என்று கிளறிவிடாமல் இருக்க, ஒரு ஐஸ் குச்சியில் தமிழில் பெயர் எழுதி இப்போதே ஊன்றச் சொல்லுங்கள்.

பூ எப்போது வரும்? முதல் கோடையில் வராது. இரண்டாம் கோடையில் சில வீடுகளில் வரலாம், மூன்றாம் கோடையில் பெரும்பாலும் வந்துவிடும். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை பார்க்கலாம். மூன்றாம் நிலையைத் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்: பூக்கும்போது இவர்கள் ஐந்தாம் நிலையை முடித்திருப்பார்கள். இலவு காத்த கிளி ஆகிவிடுமே என்று ஓர் அம்மா சிரித்தார். இந்தக் காயிலும் பஞ்சுதான் இருக்கிறது, ஆனால் அந்தப் பஞ்சுக்கே ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும், மிதவைச் சட்டைக்குள் அடைக்கும் இலவம்பஞ்சு அமெரிக்காவுக்கு வருவது நின்றுபோனது. அதற்குப் பதிலாக மில்க்வீட் பஞ்சை அடைத்தார்கள். 1944இல் பல மாநிலங்களில் பள்ளிப் பிள்ளைகள் வெங்காய மூட்டைப் பைகளோடு வயலோரமெல்லாம் அலைந்து காய் பறித்தார்கள். இரண்டு பை காய் ஓர் உயிரைக் காக்கும் என்பது அன்றைய வாசகம். நம் மாநிலத்துப் பிள்ளைகளின் கதை இன்னொன்றும் உண்டு. மோனார்க் 1975இல் இல்லினாயின் மாநிலப் பூச்சி ஆனது டிகேட்டர் நகரத்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் யோசனையால்தான். மில்க்வீட் 2017இல்தான் மாநிலக் காட்டுப்பூ ஆனது.

ஒவ்வொரு பொட்டலத்தோடும் ஒரு நாற்பது பக்க நோட்டு வரும். மாதம் ஒருமுறை, செடியில் கண்டதைத் தமிழில் நான்கைந்து வரி பிள்ளை எழுத வேண்டும். பனிக்காலத்தில் எழுத ஒன்றும் இருக்காது என்பீர்கள். குச்சி எவ்வளவு பனிக்குள் புதைந்தது என்று எழுதட்டும். சொல் தெரியாவிட்டால் கேட்கட்டும், நீங்கள் சொல்லிக்கொடுங்கள். ஆனால் பேனாவை வாங்கி எழுதிவிடாதீர்கள். அப்பா எழுதிய தமிழ் எது, பிள்ளை எழுதியது எது என்று எங்கள் ஆசிரியர்களுக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டோம். செடி பட்டுப்போனாலும் குறைக்க மாட்டோம். எப்படிப் போனது என்று எழுதினால் போதும்.

பொட்டலத்தை வகுப்பு முடிந்ததும் அலுவலக மேசையில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும். பூச்சி ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் முன்கூட்டியே தெரிவிக்கவும். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் மூன்றாம் நிலையில் படித்தால் இரண்டு பொட்டலம் உண்டு, சண்டை வேண்டாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்