கட்டங்கா இப்போது ஒரு மாகாணம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் மின்வாகன பேட்டரி பற்றிய கட்டுரை படித்தேன். பேட்டரிக்குத் தேவையான கோபால்ட் உலோகம் கிடைக்குமிடம் ‘காங்கோவின் கட்டங்கா மாகாணம்’ என்று அதில் இருந்தது. வரைபடத்திலும் அப்படியே. அந்த மாகாணம் 2015-லேயே நான்காகப் பிரிந்துவிட்டது. பழைய தலைநகரான லுபும்பாஷி இருப்பது மேல் கட்டங்கா மாகாணத்தில். கோபால்ட் வளம் மிகுந்த கொல்வேசி, லுவாலாபா மாகாணத்தின் தலைநகர். வடக்கே மேல் லோமாமியும் தாங்கனிக்காவும்.

வெறும் பெயர் விஷயம்தானே என்று என்னால் விட முடியவில்லை. செம்பும் கோபால்ட்டும் திரண்டு கிடப்பது தெற்கே, ஜாம்பியா எல்லையை ஒட்டிய மேட்டுநிலத்தில். உபெம்பா ஏரிகள் நிறைந்த பள்ளத்தாக்கும் தாங்கனிக்கா ஏரிக்கரையும் வடக்கின் பங்குக்குப் போயின. மாகாணத்தில் வசூலாகும் தேசிய வருவாயில் 40 சதவீதம் அந்த மாகாணத்துக்கே உரியது என்கிறது அந்நாட்டின் 2006 அரசியலமைப்பு. அப்படியானால் எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பது வடக்கே இருப்பவர்களுக்குச் சோற்றுப் பிரச்சினை. எல்லாவற்றையும் ‘கட்டங்கா’ என்று ஒரே பெயரில் எழுதினால் அவர்களுடைய இழப்பு கண்ணிலேயே படாது.

அந்த மண்ணை வெட்டுவதும் ஒட்டுவதும் புதிதல்ல. 1900 முதல் பத்தாண்டுகள் அதை ஆண்டது ஒரு தனி வணிகக் குழு. 1910-ல் நிர்வாகம் பெல்ஜிய அரசின் கைக்குப் போனது. 1933-ல் தலைநகரின் பெயரால் (இன்றைய லுபும்பாஷிதான்) எலிசபெத்வில் மாகாணம் ஆக்கினார்கள். 1947-ல் பழைய பெயர் திரும்பியது. 1960 ஜூலை 11 அன்று, காங்கோ விடுதலை பெற்ற பதினோராம் நாள், கட்டங்காவின் அரசியல் தலைவர் சோம்பே அதைத் தனி நாடாக அறிவித்தார். 1963 ஜனவரியில் ஐ.நா. படை அதற்கு முடிவு கட்டியது. அந்தப் படையில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். எலிசபெத்வில்லில் 1961 டிசம்பரில் உயிர்விட்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம்வீர் சக்கரம் வழங்கப்பட்டது. நம் பள்ளிகளில் இதை யாரும் சொல்லித்தராதது எனக்கு இன்றும் வருத்தம்.

பிறகும் ஓயவில்லை. அறுபதுகளில் மூன்றாகப் பிரித்து (அப்போதும் லுவாலாபா என்றொரு மாகாணம் இருந்தது) 1966-ல் மறுபடி ஒன்றாக்கினார்கள். சர்வாதிகாரி மொபுட்டு காலத்தில் ‘ஷாபா’ என்றானது; சுவாஹிலியில் செம்பு என்று பொருள். 1997-ல் மீண்டும் கட்டங்கா.

அடுத்த முறை கோபால்ட் பற்றி எழுதும்போது ‘லுவாலாபா மாகாணத்தின் கொல்வேசி’ என்று குறிப்பிட்டு, 26 மாகாணங்களும் உள்ள புதிய வரைபடத்தை வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர், தேனி