கடல் கண்ணாடியா, பட்டறைக் கண்ணாடியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அலையில் உருண்டு மழுங்கிக் கரையொதுங்கும் கண்ணாடித் துண்டுகளை, அதாவது கடல் கண்ணாடியை, சேகரிப்பது பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். உடைந்த பாட்டில் ஓராண்டிலேயே கடல் கண்ணாடியாகிவிடும் என்று அதில் சொல்லியிருப்பது மட்டும் சரியன்று. அலையும் மணலும் கூர்முனைகளை மழுக்கவும், கண்ணாடியிலுள்ள சோடாவும் சுண்ணாம்பும் உப்புநீரில் கொஞ்சங்கொஞ்சமாகக் கரைந்து மேற்பரப்பு மங்கவும் பல பத்தாண்டுகள் பிடிக்கும். நமக்கு அருகிலுள்ள தொண்டிக் கடலோ ராமேசுவரத்தார் ‘பெண் கடல்’ என்றழைக்கும் பாக் விரிகுடாவைச் சேர்ந்தது. அலை அடங்கிய அந்தக் கரையில் இன்னும் கூடுதல் காலமாகும்.

இந்தக் கணக்குத் தெரியாமல்தான் நானும் ஒருமுறை ஏமாந்தேன். காரைக்குடியில் பழம்பொருள் கடை ஒன்றில், எனாமல் தூக்குகளுக்கு நடுவே வைத்திருந்த சிவப்புத் துண்டொன்றைக் கடலில் கிடைத்ததென்று நம்பி அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். தங்கமோ செலினியமோ செம்போ சேர்த்தால்தான் கண்ணாடிக்கு அந்தச் சிவப்பு வரும் என்பதாலும், சிவப்பில் பாட்டில்கள் மிகக் குறைவாகவே செய்யப்பட்டன என்பதாலும் கடற்கரையில் அது அரிதினும் அரிது. வீட்டுக்கு வந்து உருப்பெருக்கியில் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. கடலில் உருண்ட துண்டில் நகக்கீறல் போன்ற குட்டிப் பிறைத் தழும்புகள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். இதிலோ ஒரு தழும்புகூட இல்லை, எல்லாப் பக்கமும் ஒரே சீரான பட்டு மங்கல். இயந்திர உருளையில் மணலோடு போட்டு உருட்டினாலோ, அமிலத்தில் தோய்த்தாலோ இப்படி வரும். போதாக்குறைக்கு, பாட்டிலுக்குரிய வளைவே இல்லாமல், எங்கள் வீட்டுச் சன்னல் வளைவில் பதித்த சிவப்புக் கண்ணாடியைப் போலத் தட்டையாக, ஒரே கனத்தில் இருந்தது. இடித்த செட்டிநாட்டு வீடொன்றின் சன்னலைத்தான் எனக்குக் கடலாக்கி விற்றார்களோ என்னவோ!

வெள்ளை, பழுப்பு, பச்சைத் துண்டுகள் எங்கும் கிடைக்கும், அடர்நீலம் அரிது. தொண்டியில் நான் பொறுக்கியவற்றில் எனக்கு உயர்வாகத் தோன்றுவது சுண்டுவிரல் நகமளவேயான ஓர் இளம் ஊதாத் துண்டு. இரும்பால் ஏறும் பச்சைச் சாயலைப் போக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்துச் செய்த வெள்ளைக் கண்ணாடி, பல்லாண்டு வெயில் பட்டு இந்த நிறத்துக்கு மாறும். முதல் உலகப்போர்க் காலத்தையொட்டி மாங்கனீசின் இடத்தைப் பெரும்பாலும் செலினியம் பிடித்துக்கொண்டதால், துண்டின் வயது ஏறத்தாழ நூறாண்டு எனலாம். கறுப்பாகத் தெரியும் துண்டையும் கல்லென்று எறிந்துவிடாமல் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். கரும்பச்சை கசிந்தால் அது பழைய பாட்டிலாக இருக்கலாம்.

மற்றொன்று: கட்டுரைக்கான படத்தில் கண்ணாடித் துண்டுகளோடு ஒரு பவளக் கிளையும் தட்டில் இருக்கிறது. பவளப்பாறைகள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றை எடுப்பதும் வைத்திருப்பதும் குற்றம். காலக்கணக்கைத் திருத்தி வெளியிடும்போது இதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
தேவகோட்டை.