ஸ்பேம் முத்திரை குத்தப்பட்டவருக்கும் அதைச் சொல்லுங்கள்: சமூக வலைத்தள நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சமூக வலைத்தளங்களை நடத்தும் நிறுவனங்களில் ஸ்பேம் தடுப்புக்குப் பொறுப்பேற்றிருக்கும் அலுவலர்களுக்கு,

வணக்கம். மதுரையில் குருதிக்கொடையாளர்களை ஒருங்கிணைக்கும் ஒரு சிறு குழுவின் சார்பில் இதை எழுதுகிறேன். ஸ்பேமை, அதாவது கேளாமல் கூட்டமாக வந்து குவியும் வேண்டாத, மோசடிப் பதிவுகளை, தடுக்க வேண்டாம் என்று கேட்பது என் நோக்கமன்று. வீட்டிலிருந்தே வேலை, ஆன்லைன் டிரேடிங், பரிசுக் குலுக்கல் என்று வலைவிரிக்கும் கணக்குகளை நம்பி ஓய்வூதியப் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். உங்கள் வேலையின் அளவும் தெரியாததல்ல. 2019-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 220 கோடி போலிக் கணக்குகளை நீக்கியதாக ஃபேஸ்புக் அறிவித்தது. ஆட்களை உட்கார வைத்துப் பார்த்து முடிக்கிற கணக்கா அது? இயந்திரம்தான் பார்த்தாக வேண்டும். ஆனால் அவ்வளவு பெரிய தொகையில் ஆயிரத்துக்கு ஒன்று தவறினாலும் 22 லட்சம் பேர் காரணமில்லாமல் அடிபடுவார்கள். இந்த மடல் அப்படிப்பட்டவர்களைப் பற்றியது.

குருதி கேட்டு வரும் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குருதி வகை, எத்தனை யூனிட், எந்த மருத்துவமனை, எந்த வார்டு, நோயாளியோடு இருப்பவரின் கைபேசி எண், கடைசியில் ‘அவசரம், பகிரவும்’. இதை ஒருவர் எழுதுகிறார். மற்றவர்கள் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அப்படியே நகலெடுத்துத் தங்கள் பக்கங்களில் இடுகிறார்கள், ஏனெனில் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால்கூட அழைப்பு வேறு எவருக்கோ போய்விடும். ஒரே வாசகம், பல கணக்குகள், குறுகிய நேரம், ஒரு தொலைபேசி எண், பகிரச் சொல்லும் அவசரம் என்று ஸ்பேம் வடிகட்டி எதையெல்லாம் தேடுமோ அதெல்லாம் இந்த ஒரே பதிவில் இருக்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டித் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்கள் நீரில் நின்றபோது, படகும் குடிநீரும் மருந்தும் கேட்டுச் சுற்றிய செய்திகளின் வடிவமும் இதுவே.

எங்கள் குழுவின் பதிவுகளுக்கு ஒரு தளத்தில் ஸ்பேம் முத்திரை விழுந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் திரையில் எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. வழக்கமாக உடனே பதில் சொல்லும் கொடையாளர் ஒருவர், ‘உங்கள் பதிவுகள் எச்சரிக்கையோடு மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன, உங்கள் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள் என்று நினைத்தேன்’ என்று சொன்ன பிறகுதான் விவரம் புரிந்தது. ஒருவருடைய முதுகில் அவர் அறியாமல் சீட்டு ஒட்டி ஊருக்குள் அனுப்பிய கதைதான். முறையிட்டோம்; எந்த விதியை மீறினோம் என்று சொல்லாத ஆங்கிலப் பதில் ஒன்று தானாக வந்தது. அதன் பின் எங்கள் இளைஞர்கள் கைபேசி எண்ணின் நடுவே புள்ளி வைக்கவும், வாசகத்தைப் பதிவுக்குப் பதிவு மாற்றி எழுதவும், எழுத்தைப் படமாக்கி இடவும் தொடங்கினார்கள். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் செய்யும் தந்திரங்கள் இவையே என்பது உங்களுக்குத் தெரியும். நேர்மையாக எழுதியவர்களை அந்த வித்தைகளைக் கற்கும்படி தள்ளியது உங்கள் முத்திரைதான்.

முத்திரையின் வாசகமும் கவனத்துக்குரியது. வாட்ஸ்அப்பில் 2019 முதல், பலமுறை ஃபார்வேர்டு செய்யப்பட்ட செய்திகள் இரட்டை அம்புக்குறியோடு வருகின்றன. 2020 ஏப்ரலிலிருந்து அவற்றை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடிகிறது. இதில் எனக்குக் குறையில்லை. செய்திக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் அந்தக் குறி சொல்கிறது. அனுப்பியவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பளிக்கவில்லை. எக்ஸ் தளத்தில் மறுமொழிகளின் அடியில் ‘ஸ்பேமாக இருக்கக்கூடியவை’ என்ற பொருளில் ஒதுக்கப்படுபவை அப்படியல்ல. அங்கே இயந்திரத்தின் ஊகம் மனிதரின் மேல் சுமத்தப்படுகிறது.

காரணத்தைச் சொன்னால் ஸ்பேம் கூட்டத்தார் வழி கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது நீங்கள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். அதில் பாதி உண்மை உண்டு. ஆனால் ஸ்பேம் அனுப்புவதைத் தொழிலாகச் செய்பவரிடம் நூற்றுக்கணக்கில் கணக்குகள் இருக்கின்றன. ஒன்றில் இட்டு இன்னொன்றிலிருந்து பார்த்து, உங்கள் எல்லை எங்கே என்பதை அவர் தாமே அளந்துகொள்வார். ஒரே ஒரு கணக்கை வைத்திருப்பவருக்குத்தான் அந்த வசதி இல்லை. ஆகவே உங்கள் மௌனம் யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் ஃபேஸ்புக்கின் ஸ்பேம் தடுப்பு அமைப்பில் ஏற்பட்ட பிழையால், கொரோனா பற்றிய முறையான செய்தி இணைப்புகளும் ஸ்பேம் என்று நீக்கப்பட்டன. உலகம் முழுவதும் கூச்சல் எழுந்ததால் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டு பதிவுகளை மீட்டது. தனியொருவருக்கு இதே பிழை நேர்ந்தால் கூச்சல் எழுவதில்லை.

சட்டமும் இந்த இடத்தில் முழுமையாகக் கைகொடுப்பதில்லை. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகள், பெரிய தளங்கள் தாமாக ஒரு பதிவை நீக்கும்போது காரணத்தை முன்கூட்டித் தெரிவித்து மறுப்புச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அந்த விதி பேசுவது நீக்குவதையும் முடக்குவதையும் பற்றியே, முத்திரை குத்தி ஓரங்கட்டுவதைப் பற்றியன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், பதிவைப் பின்னுக்குத் தள்ளினாலும் காரணம் சொல்லச் சொல்கிறது. அங்கேயும் ஒரு விலக்கு இருக்கிறது: ஏமாற்றும் நோக்கோடு பெருமளவில் பரப்பப்படும் வணிக உள்ளடக்கத்துக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பதிவு அந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் முடிவுகட்டுவதும் நீங்கள்தான். அந்த முடிவு தவறாகும்போது, காரணம் யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மறுக்கப்படுகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது: முத்திரை வாசகருக்குத் தெரியும் அதே நேரத்தில் பதிவிட்டவருக்கும், அவர் மொழியிலேயே, தெரிய வேண்டும். இயந்திரம் கண்டது என்னவோ அதை மட்டும் முத்திரை சொல்ல வேண்டும். ‘இதே வாசகம் பல கணக்குகளிலிருந்து வந்துள்ளது’ என்றால் வாசகரே எடைபோட்டுக்கொள்வார். முறையீட்டை அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒரு மனிதர் பார்க்க வேண்டும், குருதி வேண்டுகோள் போன்றவற்றில் சில மணி நேரத்துக்குள். வேண்டாதவர்கள் கூட்டம் சேர்த்து ரிப்போர்ட் அடிப்பதை மட்டுமே சான்றாகக் கொண்டு எவர் மேலும் முத்திரை விழக் கூடாது.

மிகப் பெரிய தளங்கள், உள்ளடக்கத்தைப் பார்வையிட எத்தனை பேரை அமர்த்தியிருக்கின்றன என்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆட்சிமொழி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெளியிட வேண்டும் என்று அதே ஐரோப்பியச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. தமிழுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. கட்டாயம் இல்லாமலே அந்த எண்ணையும், தமிழ்ப் பதிவுகளில் எத்தனை ஸ்பேம் முத்திரைகள் முறையீட்டுக்குப் பின் நீக்கப்பட்டன என்பதையும் உங்கள் அடுத்த அறிக்கையில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குருதிக்கொடை ஒருங்கிணைப்பாளர் ஒருவர்,
மதுரை.