அப்பாவின் காய்ச்சலுக்குப் பேர் கண்டுபிடித்தவர்களுக்கு

அப்பா நேற்றோடு ஆறு வார மாத்திரையை முடித்துவிட்டார். காய்ச்சல் இல்லை, பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். அதனால் இதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

ஐந்து வாரமாக அது என்ன காய்ச்சல் என்றே பிடிபடவில்லை. பகலில் சாதாரணமாக இருப்பார், சாயங்காலம் குளிரோடு ஏறும், விடியற்காலையில் பனியனைப் பிழிகிற அளவுக்கு வேர்த்துக் கொட்டும், நாலு நாள் விட்டிருக்கும், அப்புறம் மறுபடி வரும். இடுப்பு வலியில் திண்ணையில்கூட உட்கார முடியவில்லை. வைடால் பரிசோதனையை வைத்து இரண்டு முறை டைபாய்டு மருந்து கொடுத்தார்கள். மலேரியா இல்லை, டெங்கு இல்லை, காசநோயாக இருக்குமோ என்று சளி, ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று.

இரவு டியூட்டியில் இருந்த டாக்டரம்மா, முதல் நன்றி உங்களுக்குத்தான். ஃபைலை மூடி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, வீட்டில் ஆடு மாடு உண்டா? எதுவும் குட்டி வீசியதா?" என்று கேட்டீர்கள். அதுவரை யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. தை மாதம் இரண்டு ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசியதும், விரலில் அரிவாள் வெட்டுக் காயத்தோடு அப்பா வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் புதைத்ததும் அப்போதுதான் வெளியே வந்தது.

புருசெல்லோசிஸ். மாட்டில் கன்று வீச்சு நோய் என்கிறோமே, அந்தக் கிருமி வகைதான். 1887-இல் மால்டா தீவில் டேவிட் புரூஸ் கண்டுபிடித்தது என்றும், பச்சை ஆட்டுப்பால் வழியாகவும் வரும் என்றும் பொறுமையாகச் சொன்னீர்கள்.

லேப் அண்ணா, உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. இந்தக் கிருமி மெதுவாகத்தான் வளருமாம், கையாளுகிறவருக்கே தொற்றிவிடுமாம். டாக்டரம்மா முன்கூட்டியே போன் செய்து சொன்னதும், ரத்தக் கல்ச்சரை அவசரப்பட்டு முடித்துவிடாமல் பத்திரமாக வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். ஆறாம் நாள் கிருமி வளர்ந்தது.

டாக்ஸிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் தொடங்கிய அன்றே, "சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், ரத்தம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்" என்று சொல்லி அனுப்பிய நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. சொல்லாமல் விட்டிருந்தால் அப்பா கட்டாயம் நிறுத்தியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் பட்டிக்கு வந்து அத்தனை ஆடுகளுக்கும் ரத்தம் எடுத்துப்போன கால்நடை டாக்டர் சார், நீங்கள் கொடுத்த கையுறைப் பெட்டியை அப்பா பட்டி வாசலிலேயே ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறார்.