2030 குறிஞ்சிக்கு முன்னால்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடியோடு வாசல் வரை நடக்கிறார் என்று படித்ததும் பெரிய நிம்மதி. இங்கே பண்ணைக்காட்டில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. ஆள் கிடைப்பதுதான் பாடு. பகல் முழுக்கத் தோட்டத்தில் போய்விடுகிறது, எழுத்தெல்லாம் ராத்திரியில்தான்.

என் நாவலைப் படித்து முடித்துவிட்டு, "இதெல்லாம் உனக்கு எங்கேயிருந்து வருகிறது, அடுத்து என்ன?" என்று கேட்டிருந்தாய். இதை இவ்வளவு அக்கறையாக யாரும் கேட்டதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப்போகிறேன்.

அடுத்து மூன்று நாவல்கள். மூன்றுக்கும் கரு இந்தப் பழனி மலைதான். மிகுபுனைவு (ஃபேன்டசி) என்றதும் இல்லாத உலகம் ஒன்றை அடியிலிருந்து கட்ட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. இங்கே நிஜமாகவே நடக்கிற ஒன்றை எடுத்துக்கொண்டு, இது மனுஷர்களுக்கு நடந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்க்கிறேன். கதை அங்கேயிருந்து தானாக நடக்க ஆரம்பித்துவிடும்.

2018ல் குறிஞ்சி பார்க்க நீயும் வந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? மேல்மலைச் சரிவு முழுக்க நீலமாக இருந்தது, தேனீ இரைச்சலில் பேசுவதுகூடக் கேட்கவில்லை. அடுத்த வருஷம் அதே சரிவுக்கு நான் மறுபடி போனேன். எல்லாம் பழுப்பு. ஒரு தண்டை வளைத்துப் பார்த்தேன், பட்டென்று முறிந்தது. உள்ளே ஈரமே இல்லை. பக்கத்துச் செடியும் அப்படித்தான், அதற்கடுத்ததும் அப்படித்தான். குறிஞ்சியின் வாழ்க்கையே அதுதான்: பன்னிரண்டு ஆண்டு வளரும், ஒரே பருவத்தில் மொத்தமாகப் பூக்கும், விதை விட்டுவிட்டு மொத்தமாகச் செத்துப்போகும். முளைத்து வருகிற கன்று எதுவும் தன் தாய்ச்செடியைப் பசுமையாகப் பார்த்ததே கிடையாது.

பூவைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பழுப்புதான். ஓர் ஊரில் எல்லோருக்கும் ஒரே வயது, எல்லோரும் ஒரே பருவத்தில் போய்விடுகிறார்கள், கைக்குழந்தைகள் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள். அந்தப் பிள்ளைகளுக்குப் பேச்சை யார் கற்றுக்கொடுப்பது? எந்தக் கிழங்கைத் தின்னலாம், எதைத் தொடக்கூடாது என்று யார் சொல்வது? பாட்டி என்ற உறவே இல்லாத ஒரு ஜனம்!

இதற்கும் மலையிலேயே வழி இருந்தது. குறிஞ்சி இனத்தில் பல வகை உண்டு, எல்லாம் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கில் பூப்பவை அல்ல. அதனால் பக்கத்து மலையில் வேறு கணக்கில் வாழ்ந்து சாகிற இன்னொரு ஜனத்தை வைத்தேன். இவர்கள் பிள்ளைகளை அவர்கள் வளர்க்க வேண்டும், அவர்கள் பிள்ளைகளை இவர்கள் வளர்க்க வேண்டும். ஒரு முறை ஒரு தரப்பு, "எங்களால் முடியாது" என்று சொல்லிவிடுகிறது. மூன்றில் முதல் நாவல் அந்த மறுப்பில்தான் தொடங்குகிறது.

போனவர்கள் வரப்போகிறவர்களுக்கு எதையாவது விட்டுவிட்டுப் போக வேண்டாமா? அதற்குத்தான் தாண்டிக்குடிப் பக்கத்துக் கல்திட்டைகள், பழங்காலத்து ஈமச் சின்னங்கள். எழுதத் தொடங்கிய பிறகு அங்கே அடிக்கடி போகிறேன். மூன்று பக்கம் செங்குத்தாகப் பலகைக் கல், மேலே மூடியாக ஒரு பெரிய கல். சாந்து கிடையாது, பூச்சு கிடையாது, எடைதான் எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தியிருக்கிறது. உள்ளே குனிந்துதான் போக முடியும். உட்கார்ந்தால் தலை மூடிக்கல்லில் முட்டுகிறது. உள்பக்கக் கல்லில் பாசி படர்ந்து வெளிறிய திட்டுகள், கையை வைத்தால் மத்தியான வெயிலிலும் சில்லென்று இருக்கும். கொடைக்கானலை ஒட்டிய செண்பகனூரில் இருந்த பாதிரியார்கள் 1920களில் இந்த மலையின் கல்திட்டைகளைத் தேடித்தேடி அளந்து பதிவு செய்திருக்கிறார்கள். தாண்டிக்குடியில் பிற்பாடு நடந்த அகழாய்வில் ஈமக்குழிகளிலிருந்து சூதுபவளம் என்ற சிவப்புக் கல்லில் செய்த மணிகள் கிடைத்தன. அந்தக் கல் இந்த மலையில் விளைவதில்லை. யாரோ கீழேயிருந்து சுமந்துகொண்டு ஏறியிருக்கிறார்கள், இங்கே யாரோ அதற்கு ஈடாக எதையோ கொடுத்திருக்கிறார்கள், கடைசியில் அது செத்தவர் கூடவே மண்ணுக்குள் போயிருக்கிறது. என் கதையில் அந்தச் சிவப்பு மணி ஒவ்வொன்றிலும் ஒரு ஆளின் குரல் இருக்கும். வாயில் போட்டுக்கொண்டால் அந்த ஆள் பேசுவார், ஆனால் ஒரே ஒரு தடவைதான். யார் குரலை எப்போது செலவழிப்பது என்பதுதான் பிள்ளைகளுக்குள் வருகிற முதல் சண்டை.

இந்த நாவலில் அரக்கன் யாரும் வரமாட்டான். பகை என்று பார்த்தால் ஒரு மரம்தான். இங்கே சீகை (வாட்டில்) மரத்தைத் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நட்டார்கள். அது புல்வெளிக்குள் தானாகப் பரவி, குறிஞ்சி நிற்கிற சரிவையெல்லாம் நிழலால் மூடிக்கொண்டு போகிறது. நட்டவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு ஜனம் அடியோடு போய்விடுகிறது. எனக்கு வாளேந்திய எந்த வில்லனைவிடவும் இதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டாவது நாவலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது இன்னும் முழுதாகத் திரளவில்லை. கொடைக்கானல் வான் ஆய்வகம் உனக்குத் தெரியும். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) பிறகு, மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு இருக்குமா என்ற கேள்வியில் கிளம்பிய யோசனை, 1899ல் இங்கே மலையேறியது. சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்று வானியலாளர் எவர்ஷெட் 1909ல் கண்டுபிடித்தது இங்கேதான். 1904 முதல் தினமும் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகட்டில். ஒரு நாளுக்கு ஒரு சூரியன் என்று நூறு வருஷத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது, நினைத்தாலே மலைப்பாக இல்லை? ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிவிட்டால் அந்த நாளுக்குப் படம் கிடையாது. என் கதை அந்த விட்டுப்போன நாட்களைப் பற்றியது. பேரேட்டில் இல்லாத நாட்களில் சூரியன் எங்கே போனது என்று தேடிக் கிளம்புகிறாள் ஒரு பதிவாளரின் மகள்.

மூன்றாவதுதான் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். பொதினி என்று பழம்பாட்டு சொல்கிற பழனிப் பக்கத்து ஆவியர்குலத் தலைவன் அவன். ஆனால் அவன் மனைவி கண்ணகியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. (சிலம்புக் கண்ணகி இல்லை, இவள் வேறு.) பேகன் அவளை விட்டுவிட்டு இன்னொருத்தியிடம் போகிறான். கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவளுக்காக அவனிடம் போய்ப் பேசுகிறார்கள், எங்களுக்குப் பரிசு வேண்டாம், அவளிடம் திரும்பிப் போ என்றே சிலர் கேட்கிறார்கள். புறநானூற்றில் 143லிருந்து 147 வரை வரிசையாக இதேதான். பரிசுக்காக மலையேறி வந்த புலவர்கள் பரிசை வேண்டாம் என்று சொல்வதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதில் 144ஆம் பாட்டைத் தேடிப் படி. அழுதுகொண்டு நிற்கிற ஒருத்தியைப் பார்த்து, நீ பேகனுக்கு உறவா என்று பரணர் விசாரிக்கிறார். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: நாங்கள் அவனுக்கு உறவில்லை. என்னைப் போல ஒருத்தியின் அழகை விரும்பி அவன் தினமும் நல்லூருக்கு வருகிறான் என்று சொல்கிறார்கள். அவ்வளவுதான் அவள் பேச்சு. கட்டிய மனைவி, உறவில்லை என்கிறாள்! குளிரில் நடுங்குகிறது என்று நினைத்து மயிலுக்குப் போர்வையைப் போட்டவனுக்கு இவள் நடுக்கம் தெரியவில்லை. என் நாவலில் அந்தப் போர்வை மயிலிடமிருந்து அவள் கைக்கு வருகிறது. அதைப் போர்த்திக்கொள்கிறவர்களுக்கு அடுத்தவர் படும் குளிர் தன் உடம்பில் தெரியும். அவள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறாள் என்பதுதான் கதை. பேகனிடம் திரும்பிப் போவாளா என்று கேட்காதே, அதைச் சொல்லமாட்டேன்.

போகரை ஏன் தொடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பழனி, நவபாஷாணம் என்றாலே சித்தர் கதை என்று ஆகிவிட்டது, அதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். பக்தியோடு கும்பிடுகிற இடத்தில் என் கற்பனையை நுழைக்க எனக்கு மனமும் இல்லை.

இந்த மூன்றையும் நானே பதிப்பிக்கப்போகிறேன். ஒரு பதிப்பகத்தில் பேசிப் பார்த்தேன். மலை ஜனங்களைக் குறைத்து ஒரு சோழ இளவரசனை உள்ளே கொண்டுவந்தால் போடலாம் என்றார்கள். அந்த இளவரசனுக்கு என் கதையில் வேலை இல்லை. கிண்டிலில் மட்டும் என்று மின்னூலைக் கொடுத்தால் இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் ராயல்டி கிடைக்கும், வேறு இடத்திலும் வைத்தால் 35தான். அதனால் மின்னூல் அங்கே, அச்சுப் புத்தகம் முன்பதிவுக்குத் தக்கபடி கொஞ்சம் கொஞ்சமாக. அடுத்த குறிஞ்சி 2030ல். அதைப் பார்க்க மலையேறி வருகிறவர்கள் கையில் முதல் நாவல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

இதோடு முதல் நாவலின் ஆரம்ப அத்தியாயங்களை வைத்திருக்கிறேன். மணியை வாயில் போடுகிற இடம் உனக்கு நம்பும்படி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல். பிடிக்காத இடத்தில் பென்சிலால் கோடு போடு, முன்பு கல்லூரிப் பத்திரிகைக்குச் செய்வாயே, அதே மாதிரி தயவுதாட்சண்யம் இல்லாமல். அம்மாவுக்கு நடக்கத் தெம்பு வந்ததும் கூட்டிக்கொண்டு வா. வத்தலக்குண்டிலிருந்து பேருந்து நேராக இங்கேயே வரும், ஆனால் வளைவு அதிகம், முன் இருக்கையாகப் பார்த்து உட்கார வை.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி