மூன்றாவது மேலாளரும் போய்விட்டார்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆறு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் தவறுதான். திட்டுவதை நேரில் வந்து திட்டு. தங்கச்சியும் பிள்ளைகளும் நலமென்று நம்புகிறேன்.

உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் முதன்மைச் செயல் அலுவலர், அதாவது மேலாளர், போன வாரம் வேலையை விட்டுவிட்டார். நான்கு ஆண்டுகளில் இவர் மூன்றாவது ஆள். அதுவும் மிளகாய்ப் பழம் களத்துக்கு வரத் தொடங்கிய மாசி மாதத்தில்!

சம்பளம்தான் காரணம் என்பாய். காலமெல்லாம் ஆளெடுத்தவன் அல்லவா. இதுபோன்ற பத்தாயிரம் உழவர் நிறுவனங்களை உருவாக்க 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டத்தில் இந்தப் பதவிக்கு மாதம் 25,000 ரூபாய் வரை மூன்று ஆண்டுகளுக்குக் கொடுத்தார்கள். அது நின்றபின் சம்பளத்தை வியாபாரத்தில் ஈட்ட வேண்டும். ஈட்ட நல்ல மேலாளர் வேண்டும். அவர் வரச் சம்பளம் வேண்டும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

ஆனால் இவர் சம்பளத்துக்காகப் போகவில்லை. சேர்ந்த புதிதில் மனைவியை அழைத்து வந்திருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கம் எப்படி இருக்கும், குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது எப்படி என்றெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, அந்தப் பெண் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நடுராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது? எனக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்?" என்றாள். முதல் கேள்விக்குப் பரமக்குடி என்றேன். இரண்டாவதற்குத் தேநீர் கொடுத்தேன். அவள் மதுரையிலேயே இருந்துவிட்டாள். அவர் சனிதோறும் போய்க்கொண்டிருந்தார். ஒரு திங்கட்கிழமை அவருக்குப் பதிலாக அவருடைய தொலைபேசி அழைப்பு வந்தது.

முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று 2018இல் நிதி ஆயோக் போட்ட பட்டியலில் விருதுநகரோடு நம் ராமநாதபுரத்தையும் சேர்த்தார்கள். நாமும் விழைந்துகொண்டேதான் இருக்கிறோம், போ.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் கோப்பில் கெட்டிக்காரர். ஆனால் சாக்குக்குள் கை விட மாட்டார். நன்றாகக் காய்ந்த குண்டு மிளகாயைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். மேலாகக் கிடந்த பத்துக் காயைக் குலுக்கிப் பார்த்துவிட்டு அவர் எடை போடச் சொன்னபோது, எங்கள் கணக்கெழுதும் பெண் முழங்கைவரை கையை நுழைத்து, "அடியில் ஈரம், சார்" என்றாள். அவர் கேட்கவில்லை; நாற்பது மூட்டை பூசணம் பிடித்தது.

அவளையே மேலாளராக்கலாம் என்கிறேன். பி.காம். படித்த உள்ளூர்ப் பெண், வியாபாரிகளிடம் விலை பேசுவாளா என்று இயக்குநர்கள் இழுக்கிறார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. அவளுக்கு வரன் பார்க்கிறார்கள், மாப்பிள்ளை திருப்பூராம். என் கவலை அதுதான்.

வரும் வெள்ளிக்கிழமை குழு கூடுகிறது. கொள்முதல், கடன் விண்ணப்பம், ஏற்றுமதிக்காரர்களிடம் பேச்சு ஆகியவற்றைப் பழக்கிக்கொடுக்க நீ இரண்டு மாதம் இங்கே வந்து தங்க முடியுமா? சம்பளம் கேட்காதே. தங்கச்சி என்ன கேள்வி கேட்பாள் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதி அனுப்பு. இந்த முறை பதிலோடு இருக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்